ஒமாஹா ஹை-லோ: ஜெயித்தும் நஷ்டப்படுவது எப்படி

லிமிட் ஒமாஹா ஹை-லோ என்கிற போக்கர் சீட்டாட்டம் ஆடத் தெரியும் என்று யாராவது சொன்னால் நான் ஒரு கணக்கு போடச் சொல்வேன். மூன்று பேர் கடைசிவரை இருக்கிறீர்கள். ஆளுக்கு 20 போட்டாகிவிட்டது. உங்கள் லோவை, அதாவது தாழ்ந்த கையை, மிஞ்சிய லோ யார் கையிலும் இல்லை. லாபமா, நஷ்டமா?

என் தம்பி யோசிக்காமல் "லாபம்தான்கா, என்ன கேள்வி இது" என்பான். நடுவில் 60 இருக்கிறது. அதில் பாதி, அதாவது 30, ஹை என்கிற உயர்ந்த கைக்குப் போய்விடும். மிச்ச 30 லோவுக்கு. எதிரில் இருப்பவரிடமும் அதே லோ இருந்தால் ஆளுக்கு 15. போட்டது 20, எடுத்தது 15. மேஜையிலேயே உசத்தியான லோவைக் காட்டிவிட்டு 5 நஷ்டத்தோடு எழுந்து போகலாம். நான்கு பேர் இருந்தால் கால் பங்கு வாங்கியும் கைக்கும் வாய்க்கும் சரியாகப் போகும். இரண்டே பேர் என்றால் போட்டதில் பாதி காலி.

நான் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறவள். விற்பனை நன்றாக இருந்தும் நஷ்டம் வருகிற மாசங்களைப் பார்த்துப் பழகியதால் இந்த ஆட்டம் எனக்குச் சீக்கிரம் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன்.

தெரியாதவர்களுக்காக ஆட்டத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆளுக்கு நான்கு சீட்டு. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு திறக்கும்: முதலில் மூன்று, அது ஃப்ளாப், அப்புறம் ஒன்று, டர்ன், கடைசியாக ஒன்று, ரிவர். கையிலிருந்து இரண்டு, நடுவிலிருந்து மூன்று, இப்படித்தான் ஐந்து சேர்க்க வேண்டும். கூடவும் கூடாது, குறையவும் கூடாது. நடுவில் நான்கு ஹார்ட்டின் கிடந்து, உங்கள் கையில் ஹார்ட்டின் ஆஸ் மட்டும் இருந்தால் அது ஃப்ளஷ் (ஐந்தும் ஒரே ஜாதி, அதாவது ஒரே சின்னம்) இல்லை. ஹோல்டெம் என்கிற இன்னொரு போக்கர் ஆடிவிட்டு வருபவர்கள் எல்லாரும் இங்கே ஒரு தடவையாவது இடறுவார்கள்.

குவியலில் பாதி உயர்ந்த கைக்கு, பாதி தாழ்ந்த கைக்கு. தாழ்ந்த கை என்றால் 8-க்கு மேல் போகாத, ஒன்றுக்கொன்று வேறான ஐந்து சீட்டு. ஆஸ் இங்கே 1 ஆகவும் நிற்கும். வரிசையாக இருந்தாலும் ஒரே ஜாதியாக இருந்தாலும் லோ கெடாது. 5-4-3-2-ஆஸுக்குக் கீழே எதுவும் இல்லை. நடுவில் 8-க்குள் வேறு வேறான மூன்று சீட்டு விழாவிட்டால் லோ என்ற பேச்சே கிடையாது, முழுதும் ஹைக்குத்தான். ஐந்து சீட்டும் திறந்தால் ஏறக்குறைய 60 சதவீதம் ஆட்டத்தில் லோவுக்கு இடம் இருக்கும்.

லிமிட் என்றால் இஷ்டத்துக்கு ஏற்ற முடியாது. எங்கள் மேஜையில் 2-4. ஃப்ளாப் வரை 2 இரண்டாகத்தான் ஏற்றலாம், டர்னிலும் ரிவரிலும் 4 நான்காக. ஒரு சுற்றில் ஒரு பெட், அதற்கு மேல் மூன்று ரெய்ஸ், அவ்வளவுதான். ஆக ஒருவர் ஒரு ஆட்டத்தில் அதிகபட்சம் 48 இழக்கலாம். ஒரே கையில் சொத்தை எழுதிக் கொடுக்கிற ஆட்டம் இல்லை. சொட்டுச் சொட்டாகப் போகும். அதனால்தான் போவதே தெரியாது.

2, 4 என்றால் ரூபாய் இல்லை, வாஷர். கடையில் லேசாகத் துருப்பிடித்து விற்காமல் கிடந்த ஜிஐ வாஷர்களை ஓனர் சும்மாவே கொடுத்துவிட்டார். எம்6 வாஷர் ஒன்றுக்கு 1, எம்10 வாஷருக்கு 5. பிளாஸ்டிக் சில்லை விட இது கையில் கனமாக இருக்கும், போடும்போது நல்ல சத்தம் வரும், ஆட்டம் முடிந்ததும் விரலெல்லாம் இரும்பு வாடை. எங்களோடு ஆடும் டீச்சர் அக்கா மட்டும் கை கழுவாமல் பஜ்ஜியைத் தொட மாட்டார். காசு கிடையாது. புதுச்சேரிக்கென்று 1965-ஆம் வருஷத்துச் சூதாட்டச் சட்டம் ஒன்று இருக்கிறது. 2025 ஆகஸ்டில் மத்திய அரசின் சட்டம் வந்த பிறகு போனில் காசு வைத்து ஆடும் ஆட்டங்களுக்கும் மூடுவிழா. தம்பிக்கு அதில் வருத்தம். எனக்கு இல்லை. காசு இல்லாமல் ஒழுங்காக ஆட முடியாது, எல்லாரும் சும்மா போட்டுக்கொண்டே இருப்பார்கள் என்பது அவன் வாதம். பாதி உண்மைதான். அதற்காகத்தான் கணக்கு நோட்டு ஒன்று போட்டேன். வாரா வாரம் மிச்சம் அடுத்த வாரத்துக்குப் போகும், அழித்துப் புதிதாக ஆரம்பிப்பது கிடையாது. மைனஸில் போகிறவருடைய பெயருக்கு எதிரில் சிவப்பு மை. மாசக் கணக்கில் சிவப்பிலேயே இருக்க யாருக்குத்தான் மனசு வரும்?

ஆடுவது ஐந்து பேர். முத்தியால்பேட்டையில் எங்கள் வீட்டு மொட்டைமாடி. நான், தம்பி, அவன் வேலை செய்யும் சேதராப்பட்டுக் கம்பெனியிலிருந்து வரும் ஒரு சிநேகிதன், எதிர்வீட்டு டீச்சர் அக்கா, அப்புறம் பெரியப்பா. பெரியப்பா என்றால் பெரியம்மா வீட்டுக்காரர். 1962-இல் பாண்டி முறைப்படி இந்தியாவோடு சேர்ந்தபோது பிரெஞ்சுக் குடியுரிமையையே வைத்துக்கொண்ட குடும்பம். அங்கே ராணுவத்தில் இருந்துவிட்டு வந்து பென்ஷன் வாங்குகிற சொல்தா. பெலோத் என்கிற பிரெஞ்சுச் சீட்டாட்டம் அவருக்குத் தண்ணிபட்ட பாடு, ஒமாஹா பிரான்சில் துலூஸ் பக்கம் இருந்தபோது பழகியது. எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவரே அவர்தான். சொல்லிக் கொடுத்த எதையும் அவர் கடைப்பிடிப்பதில்லை என்பது வேறு விஷயம்.

சரி, நஷ்டப்படாமல் ஆடுவதற்கான கட்டுப்பாடு எங்கே ஆரம்பிக்கிறது? முதல் 2 வாஷர் போடுவதற்கு முன்னால்.

ரம்மி ஆடுகிற நம் ஆட்களுக்கு இது புரிய வேண்டும். 101 ரம்மியில் கை சரியில்லை என்றால் ஸ்கூட் அடிக்கிறோம், 20 பாயிண்ட் ஏறும். மிடில் ஸ்கூட் என்றால் 40. மாட்டிக்கொண்டால் ஃபுல், 80. டீச்சர் அக்கா ரம்மியில் புலி. ஜோக்கர் இல்லாத கையைப் பார்த்த மாத்திரத்தில் ஸ்கூட் அடிப்பார், கூச்சமே கிடையாது. அதே அக்கா ஒமாஹாவில் ஒரு கையையும் விட மாட்டார். இத்தனைக்கும் இங்கே பிளைண்ட் (சீட்டைப் பார்க்கும் முன்பே கட்டாயமாகப் போடுவது) போடும் முறை வரும்போது தவிர ஸ்கூட் முழுக்க இலவசம்! ஏன் விட மனசு வரவில்லை? நான்கு சீட்டில் இரண்டிரண்டாக ஆறு ஜோடி எடுக்கலாம். ஆறில் ஒன்று கண்டிப்பாக அழகாகத் தெரியும். "இந்த 9-10 இருக்கே, இந்த ரெண்டு டைமன் இருக்கே" என்று ஒவ்வொரு கையிலும் ஏதாவது ஒன்று கூப்பிடும்.

நான்கு சீட்டாக வரக்கூடிய கைகள் மொத்தம் 2,70,725. அதில் நான் ஆடுவது கால்வாசி இருக்கும். ஐந்து பேர் மேஜை என்பதால் இவ்வளவு. ஒன்பது பேர் உட்காரும் மேஜை என்றால் இன்னும் குறைத்திருப்பேன்.

எனக்கு நான்கு சீட்டும் ஒரே வேலைக்கு வர வேண்டும். ஆஸ்-ஆஸ்-2-3, இரண்டு ஜாதி ஜோடியாக, இதுதான் எல்லாரும் ஒப்புக்கொள்ளும் முதல் கை. அது எப்போதோ வரும். ஆஸ்-2-3 கூட ஏதாவது, ஆஸ்-2 கூட ராஜா, அந்த ஆஸுக்கு ஜாதித் துணை, இப்படி வந்தால் ஆடுகிறேன். ராஜா-ராஜா-ராணி-ஜாக்கி மாதிரி நான்கும் மேலே இருந்தாலும் ஆடலாம். நடுவில் பெரிய சீட்டு விழுந்தால் லோ இல்லை, முழுக் குவியலும் கிடைக்கும். சின்னச் சீட்டாக விழுந்தால் 2 வாஷரோடு வெளியே வந்துவிடலாம், முடிவு சுலபம்.

முடிவு கஷ்டமான கைதான் ஆபத்து. 7-8-9-10 பார்க்க எவ்வளவு லட்சணமாக இருக்கிறது! அதற்கு ஸ்ட்ரெய்ட் (வரிசையாக ஐந்து சீட்டு) அமைய வேண்டுமானால் பெரும்பாலும் நடுவில் 5, 6, 7, 8 என்று விழ வேண்டும். அப்படி விழுந்தால் லோவுக்கும் வழி திறந்துவிடும். கஷ்டப்பட்டு ஜெயித்தும் பாதிதான். பெரிய சீட்டாக விழுந்தாலோ நம்முடையதைவிடப் பெரிய ஸ்ட்ரெய்ட் எதிரில் இருக்கும். 9 என்கிற சீட்டை நான் மனசாரத் திட்டுவேன். லோவுக்கு ஒரு நூல் அதிகம், ஹைக்கு ஒரு முழம் குறைவு. மூன்று ஆஸ் ஒரே கையில் வந்தாலும் குதிக்க வேண்டாம். இரண்டைத்தான் பயன்படுத்த முடியும், மூன்றாவது நமக்கு வர வேண்டிய ஆஸை நாமே அடைத்து வைத்திருப்பதுதான்.

இனி மொட்டை ஆஸ்-2 பற்றி. கூட 9, ஜாக்கி, ஜாதியும் சேரவில்லை. தம்பிக்கு இது கையில் வந்தால் முகம் மலர்ந்துவிடும், எல்லாருக்கும் தெரிந்துவிடும். நான் கடைக் கால்குலேட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஆஸும் 2-ம் சேர்ந்து வருவது 16 கைக்கு ஒரு தடவை. நம்மிடம் ஒரு ஆஸ்-2 இருக்கும்போது, எதிரில் நான்கு பேரில் யாராவது ஒருவரிடம் இன்னொரு ஆஸ்-2 இருக்க ஏறக்குறைய ஆறில் ஒரு வாய்ப்பு. எட்டு பேர் எதிரில் இருந்தால் கிட்டத்தட்ட 30 சதவீதம். அதைக் கையில் வாங்கியவர் யாரும் சீட்டைக் கவிழ்த்து விலகுவதும் இல்லை. ஆக, நடுவில் சின்னச் சீட்டு விழுந்து இரண்டு பேர் மாறி மாறி ஏற்றுகிறார்கள் என்றால் அந்த ஆறில் ஒன்று இன்னும் கூடிவிடும். மொட்டை ஆஸ்-2-வை நான் ஆடவே மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆடுவேன். ஏற்ற மாட்டேன்.

ஃப்ளாப்பில் இரண்டு சின்னச் சீட்டு விழுந்து, கையில் ஆஸ்-2 இருந்தால் இன்னும் ஒரு சின்னச் சீட்டுக்குக் காத்திருக்கிறோம். 4, 8, ராஜா என்று விழுந்ததாக வைத்துக்கொள்ளுங்கள். 3, 5, 6, 7 எது வந்தாலும் சரி, மொத்தம் 16 சீட்டு, பார்க்காதது 45. இரண்டு வாய்ப்பில் ஒன்றாவது விழ 59 சதவீதம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் அது பாதிக் குவியலுக்கான 59. டர்னிலும் விழாவிட்டால் 36 ஆகிவிடும், அதற்குள் போடும் தொகையும் 2-லிருந்து 4 ஆகிவிடும். கூடவே ஹைக்கும் ஏதாவது ஒரு பிடி இருந்தால்தான் நான் அங்கே நிற்பேன்.

போன மாசம் வந்த ஒரு கையை எழுதிக்கொள்ள வேண்டும் என்று அன்றைக்கே குறித்து வைத்தேன். எனக்கு கிளாவரில் ஆஸ், ராஜா. ஹார்ட்டினில் 2, 4. ஐந்து பேரும் ஆளுக்கு 4 போட்டு வந்தார்கள், நடுவில் 20. ஃப்ளாப்: ஹார்ட்டின் 3, கிளாவர் 6, டைமன் ராஜா. தம்பி 2 போட்டான், பெரியப்பா 4 ஆக்கினார், நான் கூடப் போனேன், மற்ற இருவரும் கவிழ்த்தார்கள். டர்ன், ஸ்பேடு 8. லோ வந்துவிட்டது. தம்பி எம்10 வாஷரைச் சுண்டிவிட்டான், சில்லறையாக ஒன்றை எடுத்துக்கொண்டான். அந்தச் சுண்டலிலேயே ஆஸ்-2 இருந்தது. பெரியப்பா 8 ஆக்கினார். அவர் ராஜாவையோ 6-ஐயோ வைத்து மூன்று சேர்த்துவிட்டார் என்று தோன்றியது.

என் கையிலும் ஆஸ்-2 தான், இதைவிட நல்ல லோ அப்போது கிடையாது. ஏற்றியிருக்கலாமே என்று அப்புறம் டீச்சர் அக்கா கேட்டார். மூன்று பேர் இருக்கிறோம், லோ இரண்டு பேருக்கு, ஹை பெரியப்பாவுக்கு. நான் 4 ஏற்றினால் எனக்குத் திரும்பி வருவது 3. எதற்கு? 8 போட்டுப் பேசாமல் கூடப் போனேன். எனக்கு அங்கே ஒரு உபரி இருந்தது, அந்த ஹார்ட்டின் 4.

ரிவர், டைமன் 2.

தம்பி கவனிக்கவே இல்லை. நடுவில் 2 விழுந்ததும் அவன் கையிலிருந்த 2 செத்துவிட்டது. அவனுக்கு இப்போது அதே பழைய 8-6-3-2-ஆஸ்தான். என் ஆஸ்-4-ஓடு நடுவில் இருக்கும் 2, 3, 6 சேர்ந்து 6-4-3-2-ஆஸ். அதைவிடக் கீழே யாராலும் போக முடியாது. அவன் 4 போட்டான், பெரியப்பா 8, நான் 12. இப்போது ஏற்றுவதற்குக் காரணம் இருக்கிறது: 12 போட்டால் இந்தச் சுற்றில் மட்டும் 18 என் பங்கு. எல்லாரும் போட்டார்கள். பெரியப்பா இரண்டு 6-ஐத் திறந்தார், மூன்று 6. மொத்தம் 92, ஆளுக்கு 46. என் லாபம் 18. தம்பி 28 போட்டது போட்டதுதான்.

"எனக்குத்தானேக்கா நட்டு லோ?" என்றான். நட்டு என்றால் யாராலும் மிஞ்ச முடியாதது.

"டர்ன்ல இருந்துச்சு. ரிவர்ல போயிடுச்சு. சீட்டப் பாரு."

பெரியப்பா சிரித்துக்கொண்டே, "அவன் கைல ரெண்டு மட்டும்தான் சீட்டு பாப்பா, மீதி ரெண்டும் வேடிக்கை பாக்க வந்துச்சு" என்றார். 6-6 என்று இரண்டு சீட்டை வைத்துக்கொண்டு ஆளுக்கு 4 போட்டு உள்ளே வந்தவர் சொல்கிற பேச்சா இது! ஆனால் விஷயம் சரி. ஆஸ்-2-வோடு 3, 4, 5 என்று ஒரு மாற்றுச் சீட்டு இருந்தால்தான் அந்த ஆஸ்-2-க்கு ஆயுசு. 9-ம் ஜாக்கியும் அவனுக்கு அன்றைக்கு ஒரு உதவியும் செய்யவில்லை.

பெரியப்பாவை நோட்டில் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். சில ஞாயிறு கொட்டோ கொட்டென்று கொட்டும், அன்றைக்கு அவர் பெத்தாங் விளையாட்டில் இரும்புக் குண்டு எறிந்து ஜெயித்தவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு போவார். மற்ற வாரங்களில் அது கரைந்துவிடும், சத்தமில்லாமல். என் வரியில் பெரிய தொகை என்று எதுவும் கிடையாது. 11, மைனஸ் 6, 23, 9. படிக்கவே அலுப்பாக இருக்கும். தம்பி அதைப் பார்த்துவிட்டு "மளிகைக் கடை பாக்கி மாதிரி இருக்கு" என்றான்.

இந்த ஆட்டத்தில் அலுப்பைத் தாங்குவதுதான் பாதித் திறமை. எட்டு கை தொடர்ந்து கவிழ்த்துவிட்டு ஒன்பதாவதாக 5-7-9-ராணியைப் பார்க்கும்போது விரல் தானாக வாஷரிடம் போகும். நான் அப்போது கையை மடியில் வைத்துக்கொண்டு மற்றவர்களைப் பார்ப்பேன். யார் எதோடு உள்ளே வருகிறார்கள், காட்டும்போது என்ன காட்டுகிறார்கள் என்று பார்ப்பது வீண் போகாது. டீச்சர் அக்கா லோவுக்குக் காத்திருந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். சிநேகிதன் ஹையில் மட்டும்தான் ரெய்ஸ் பண்ணுவான். அவன் லோவுக்கு ஏற்றி நான் பார்த்ததில்லை. கடைசியில் பேசும் இடம் கிடைத்தால் கொஞ்சம் தளர்வாக ஆடலாம், நான்கு பேர் என்ன செய்தார்கள் என்று தெரிந்த பிறகு முடிவெடுக்கிறோம் அல்லவா.

கட்டுப்பாடு என்றால் எப்போதும் கவிழ்ப்பது என்று நினைத்துக்கொள்கிறார்கள். லிமிட்டில் அப்படி இல்லை. ரிவர் வந்த பிறகு நான் அதிகம் கவிழ்ப்பதில்லை. நடுவில் 40 இருக்கிறது, இன்னும் 4 கேட்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி கிடைத்தாலே 22. ஆறு தடவையில் ஒரு தடவை சரியாக இருந்தால் கிட்டத்தட்ட சமம், ஐந்தில் ஒரு தடவை என்றால் லாபம். அந்த இடத்தில் 4-ஐ மிச்சம் பிடிக்கிறேன் என்று 22-ஐ விடுவது சிக்கனம் இல்லை. இரண்டு ஜோடியை வைத்துக்கொண்டு முகத்தைச் சுளித்தபடியே போட்டுவிடுவேன். எதிரில் லோவுக்குக் காத்திருந்து கிடைக்காதவர் சும்மா ஏற்றிப் பார்ப்பது எங்கள் மேஜையில் சகஜம். ஆனால் எனக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் பேச வேண்டியிருக்கிறது, அவர்கள் ஏற்றக்கூடும் என்றால் அந்த 4 எனக்கு 12 ஆகலாம். அப்போது கவிழ்க்கிறேன்.

தம்பிக்கு இது பெரிய குறை. "மொதல்ல பத்து கை கவுத்துட்டு, கடைசில மட்டும் கர்ணன் மாதிரி போடறியேக்கா" என்கிறான். முதலில் கவிழ்த்ததால்தான் கடைசியில் போட வாஷர் இருக்கிறது என்றேன். போன வாரம் அவன் மொட்டை ஆஸ்-2-வை இரண்டு தடவை ஏற்றாமல் கூடப் போனதை நோட்டில் ஓரமாக எழுதி வைத்திருக்கிறேன். சிவப்பிலிருந்து வெளியே வர அவனுக்கு இன்னும் 61 வேண்டும்.